பீரங்கியைக் கீழே போட்டது

வெற்றிகளை நினைவுகூர்வதற்கு அந்தக் கால்பந்து கிளப்பின் ரசிகர் சங்கத்திடம் அதிகமாக எதுவும் இல்லை. ஆகவே தோல்விகளை முறைப்படி நினைவுகூர்வது என்று பொதுக்குழுவில் முடிவானது. ஆண்டு முழுவதும் கூட்டம் போட்டாலும் தீராத அளவுக்குத் தோல்விகள் இருந்தன. அவற்றுள் மிகச் சிறந்த ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து ஆண்டுக்கொரு கூட்டம் போட்டால் போதும் என்று பிறகு திருத்தம் கொண்டுவந்தார்கள். அப்படிப் போட்டியின்றித் தேர்வானவர்தான் பீரங்கி.

பீரங்கி என்பது பத்திரிகைகள் வைத்த பெயர். தொலைதூர நாடொன்றிலிருந்து கிளப் பெரிய ஒப்பந்தம் போட்டு வாங்கிவந்த ஸ்ட்ரைக்கர் அவர். ஒரு சீசன் முழுக்க ஆடினார். அவர் கோலை நோக்கி அடித்த பந்துகள் கேலரியின் மேல் வரிசையில் உட்காருபவர்களுக்கு நன்றாகப் பழக்கம். எதிரணிக் கோல்கீப்பர்களுக்கு அறிமுகம்கூடக் கிடையாது. அவர் போட்ட ஒரே கோல் சொந்த அணியின் வலைக்குள் போய் விழுந்தது. அதையும் தலையால்தான் போட்டார். முதல் ஆட்டத்திலிருந்து கடைசி ஆட்டம் வரை வலது முட்டியில் ஒரு கட்டு இருந்தது. கட்டோடு ஆடினார், கட்டோடு திரும்பிப் போனார்.

நினைவுக் கூட்டம் தலைவரின் மெத்தைக் கடைக்கு மேலே உள்ள கிடங்கில் நடக்கும். யார் எங்கே உட்காருவது என்பதற்கு ஒரு முறை இருந்தது. பீரங்கி தேறமாட்டார் என்று யார் எவ்வளவு சீக்கிரம் தெரிந்துகொண்டாரோ அந்த வரிசைப்படி இடம். முதல் ஆட்டத்திலேயே தெரிந்துகொண்டவர்கள் நடு வரிசை. அவர் வந்து இறங்கிய அன்றே தெரிந்துகொண்டவர்கள் முன்வரிசை. ஒப்பந்தம் போடுவதற்கு முன்பே தெரிந்துகொண்டவர்கள் மேடை. முதல் ஆண்டு மேடையில் தலைவரும் செயலாளரும் மட்டும்தான் இருந்தார்கள். ஆண்டுக்காண்டு மேடை நிரம்பிக்கொண்டே வந்து, இப்போது உத்திரம் தாங்குமா என்று கொத்தனாரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டிய நிலை. துணைத் தலைவர் ஒருவர், பீரங்கி பிறப்பதற்கு முன்பே தனக்கு மனதில் ஏதோ நெருடியது என்று போன ஆண்டு பேசிக் கைதட்டல் வாங்கினார்.

கடைசி வரிசையில், சுவரை ஒட்டி, முதுகு வளையாமல் ஒருவர் மட்டும் உட்கார்ந்திருப்பார். கண்ணாடிக் கடை அண்ணன். மூன்றாம் மாதம் வரைக்கும் பீரங்கி கோல் போடுவார் என்று தான் நம்பியதாக முதல் கூட்டத்திலேயே உண்மையைச் சொல்லிவிட்டவர் அவர். அப்படிச் சொன்னவர் சங்கத்தில் வேறு யாருமில்லை. வரிசை முழுவதும் அவருக்கே.

அவர் அங்கே போவது பீரங்கிக்காக அல்ல, தம்பிக்காக.

*

கண்ணாடிக் கடைக் குடும்பம் என்றால் ஊரில் ஒரு மரியாதை இருந்தது. ஜன்னல் கண்ணாடி, ஆளுயரக் கண்ணாடி, கடை முகப்புக்கு வைக்கும் பெரிய ஷீட்டுகள் எல்லாம் அவர்கள் கைவழியாகத்தான் போகும். அப்பா காலத்திலிருந்து அந்தக் குடும்பத்தின் கையிலிருந்து ஒரு ஷீட் கீழே விழுந்ததில்லை. ஷீட்டின் ஒரு முனையை அண்ணன் பிடித்தால் மறுமுனையைத் தம்பி பிடிப்பார். இருவரும் பேசிக்கொள்ளாமலே மாடிப்படி ஏறுவார்கள். எதிரே வருகிறவர்கள் தாமாக ஒதுங்கி நின்று வழிவிடுவார்கள். அது கண்ணாடிக்குக் காட்டும் பயம் அல்ல, குடும்பத்துக்குக் காட்டும் மரியாதை என்பது அண்ணனின் எண்ணம்.

பீரங்கி வந்த அன்று நடந்தது இதுதான். மைதானத்தின் வாசலிலிருந்து நடு வட்டம் வரை அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போவது என்று சங்கம் தீர்மானித்திருந்தது. ஒரு ஆட்டம்கூட ஆடாதவரைத் தூக்கலாமா என்று யாரோ கேட்டதற்கு, "ஆடினப்புறம் தூக்குற மாதிரி இருக்குமோ இருக்காதோ, இப்பவே தூக்கிடுவோம்" என்று தலைவர் தெளிவாகப் பதில் சொன்னார். தோள் ஒதுக்கீட்டுக்கு ஒரு குழு அமைந்தது. வலது தொடை தலைவருக்கு. இடது தொடைக்கு இரண்டு துணைத் தலைவர்களும் மோதிக்கொண்டார்கள். ஒருவருக்குக் கொடுத்தால் இன்னொருவர் சங்கத்தையே உடைத்துவிடுவார் போலிருந்ததால், இரண்டு பேருக்கும் முதுகைக் கொடுத்துவிட்டு, இடது தொடையைப் பொதுவான ஆளாகக் கண்ணாடிக் கடைத் தம்பிக்குக் கொடுத்தார்கள். "கண்ணாடி தூக்குற கை. பதமா தூக்கும்" என்று செயலாளரே முன்மொழிந்தார். அன்று அண்ணன் நடந்த நடையைப் பார்த்தவர்கள் அவர் உயரம் கூடிவிட்டதாக நினைத்தார்கள்.

அண்ணன் வாசல் பக்கத்தில் நின்று முழுவதையும் பார்த்தார். தூக்கினார்கள். நாலு அடி நடந்தார்கள். புகைப்படக்காரர், "தலைவரே, இங்க பாருங்க!" என்று கூப்பிட்டார். தலைவர் பார்த்தார். பார்த்ததோடு நிற்காமல், இரண்டு கைகளையும் மேலே உயர்த்திக் கும்பிட்டார். பீரங்கி வலது பக்கமாகச் சரிந்து, வலது முட்டி தரையில் படும்படி விழுந்தார்.

அந்தப் படம் கிடங்கில் மாட்டப்பட்டிருக்கிறது. பெரிய படம், சட்டம் போட்டுக் கண்ணாடி மாட்டியதே அண்ணனின் கடைதான். தலைவரின் இரண்டு கைகளும் ஆகாயத்தில் இருக்கின்றன. தம்பியின் இரண்டு கைகளும் இடது தொடையை இறுகப் பிடித்திருக்கின்றன. கீழே 'தலைவரின் எழுச்சிமிகு வரவேற்பு' என்று எழுதியிருக்கிறது. அதன் அடியிலேயே உட்கார்ந்து, கண்ணாடிக் கடைத் தம்பி பீரங்கியைக் கீழே போட்டதைப் பற்றி ஆண்டுதோறும் பேசினார்கள்.

தம்பி ஒருமுறைகூட எதிர்த்துப் பேசியதில்லை. அன்று சாயங்காலம் அண்ணன் கேட்டார்: "நீ விட்டியா?"

"இல்லண்ணே."

அவ்வளவுதான் பேச்சு. அதற்குப் பிறகு தம்பி பெரிய ஷீட் தூக்குவதை நிறுத்திவிட்டார். கடையின் பின்பக்கம் உட்கார்ந்து படச் சட்டங்களுக்கான சின்னக் கண்ணாடிகளை வெட்டிக்கொண்டிருந்தார். வாசலில் வருகிறவர்கள், "என்ன, கண்ணாடியை நீங்க கொண்டு வர்றீங்களா, இல்ல உங்க தம்பியா? முட்டி பத்திரமா இருக்கணுமே, அதான் கேட்டேன்" என்பார்கள். சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அண்ணன் சிரிக்காமல் அளவு எடுப்பார்.

*

இந்த ஆண்டுக் கூட்டத்தில் வழக்கம்போல எல்லோரும் எழுந்து நின்று கூட்டுப் பெருமூச்சு விட்டு முடித்ததும், தலைவர் ஒரு அறிவிப்புச் செய்தார்.

"மறதி ஒரு நோய். நம்ம பிள்ளைங்களும் பேரப்பிள்ளைங்களும் நாம பட்ட ஏமாற்றத்தை அனுபவிக்காம போயிடக் கூடாது. அதுக்காக மைதானத்து வாசல்ல ஒரு கல் நடப் போறோம்."

செயலாளர் கல்லில் வெட்டப்போகும் வாசகத்தைப் படித்தார். அவர் காப்பீட்டு அலுவலகத்தில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர். எந்த விபத்திலும் யாருக்கும் எதுவும் கிடைக்காதபடி எழுதிப் பழகிய கை. 'தலைவர் தம் தோளில் சுமந்தும், கண்ணாடிக் கடைக்காரரின் தம்பி கை நழுவவிட்டதால் முறிந்த முட்டியும் நம்பிக்கையும் இங்கே நினைவுகூரப்படுகின்றன.'

அண்ணன் எழுந்தார். கடைசி வரிசையிலிருந்து யாராவது எழுவது அதுவே முதல் முறை.

"என் தம்பி நழுவவிடல."

தலைவர் மிகவும் அன்பாகப் பேசினார். "அண்ணே, உட்காருங்க. உங்க தம்பின்னு எங்க எழுதியிருக்கு? 'கண்ணாடிக் கடைக்காரரின் தம்பி'ன்னுதானே எழுதியிருக்கு. பேரு போடல பாருங்க. உங்க குடும்பத்து மேல நாங்க வச்சிருக்கிற மரியாதை அது."

"ஊர்ல இருக்கிறது ஒரே கண்ணாடிக் கடை."

"அது எங்க தப்பில்லையே" என்றார் செயலாளர்.

"அந்தப் படத்தைப் பாருங்க. தலைவரோட ரெண்டு கையும் எங்க இருக்குன்னு பாருங்க."

எல்லோரும் படத்தைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, எவ்வளவு நல்ல படம் என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். ஆட்சேபம் இருந்தால் அதை விசாரிக்க ஒரு நினைவுச் சரிபார்ப்புக் குழு அமைப்பதுதான் முறை என்று செயலாளர் சொன்னார். குழுவுக்குத் தலைவர் தலைவர், செயலாளர் செயலாளர்.

வீட்டில் அண்ணி தலையில் அடித்துக்கொண்டார். "கல்லுதானே? மழை பெய்ஞ்சா பாசி பிடிச்சுடும். யார் நின்னு படிக்கப் போறா?"

"என் அப்பா பேரு இருக்கிற கடை. அந்தக் கடைக்காரன் கீழே போட்டான்னு ஒரு கல் இந்த ஊர்ல நிக்கிறப்ப, நான் உயிரோட நிக்கக் கூடாது."

"நீங்க நிக்கிறதுக்கும் கல்லு நிக்கிறதுக்கும் எனக்கு ஒண்ணும் பெரிய வித்தியாசம் தெரியல" என்று சொல்லிவிட்டு அண்ணி உள்ளே போனார். முப்பது வருஷத்துக்கு மேல் குடித்தனம் நடத்தியவர்; அவருக்கு அந்த உரிமை இருந்தது.

*

விசாரணை நாளன்று தம்பியைக் கூட்டிவரக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவர் இருந்தால் சாட்சிகளுக்குச் சங்கடமாக இருக்குமாம். அண்ணன் மட்டும் கிடங்குக்குப் போனார்.

செயலாளர் கேட்டார்: "உங்க தம்பி அன்னைக்கு எந்தக் கையால பிடிச்சிருந்தாரு?"

"ரெண்டு கையாலயும்."

"ரெண்டு கையாலயும் பிடிச்சிருந்தா எந்தக் கை நழுவிச்சுன்னு நாங்க எப்படிக் கண்டுபிடிக்கிறது? அப்பவே விசாரணைக்கு ஒத்துழைக்காத மாதிரிதான் பிடிச்சிருக்காரு."

"தலைவர் எந்தக் கையால பிடிச்சிருந்தாரு? அதையும் கேளுங்க."

"தலைவர் கையால பிடிக்கல. பொறுப்பால பிடிச்சிருந்தாரு."

"விழுந்தது வலது பக்கம். என் தம்பி நின்னது இடது பக்கம்."

செயலாளர் பொறுமையாக விளக்கினார். இடது பக்கம் பிடி நழுவினால் உடம்பு பயந்துகொண்டு வலது பக்கம் ஓடும். காப்பீட்டுத் துறையில் இப்படி எத்தனையோ பார்த்திருக்கிறார். ஓட்டுநர் இடது பக்கம் மோதிவிட்டு வலது பக்கக் கதவுக்கு இழப்பீடு கேட்ட கதைகள் உண்டு. ஒருவருக்கும் கொடுத்ததில்லை.

பிறகு முதுகைத் தாங்கிய துணைத் தலைவர் சாட்சி சொன்னார். "நான் பின்னாடி இருந்தேன். உணர்ச்சிவசப்பட்டு கண்ணை மூடிட்டேன். அதனாலதான் என்னால உறுதியா சொல்ல முடியுது. திறந்த கண்ணுக்கு நூறு விஷயம் தெரியும், குழப்பம். மூடின கண்ணுக்கு ஒரே விஷயம்தான் தெரிஞ்சுது. கண்ணாடிக் கடைத் தம்பி."

"கண்ணை மூடிட்டு எப்படிங்க தெரியும்?" என்றார் அண்ணன்.

"அதுதான் சொல்றேனே, உணர்ச்சி."

அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. அன்று நடந்ததை அப்படியே நடத்திக் காட்டச் சொன்னார். நடத்திக் காட்டினால் பச்சைக் குழந்தைக்கும் புரிந்துவிடும் என்பது அவர் நம்பிக்கை. குழு உடனே ஒப்புக்கொண்டது. இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டபோதே அவர் யோசித்திருக்க வேண்டும்.

பீரங்கியின் இடத்தில் உட்கார ஆள் தேவைப்பட்டது. சங்கத்தில் யாரும் முன்வரவில்லை. ஏன் என்று யாரும் சொல்லவும் இல்லை. கடைசியில், கேட்டவரே உட்காருவதுதான் நியாயம் என்று தீர்மானமாயிற்று. அண்ணன் வாழ்க்கையில் யார் தோளிலும் ஏறியதில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, முகத்தை இறுக்கிக்கொண்டு ஏறினார். வலது தொடையைத் தலைவர் தாங்கினார். தம்பியின் இடத்தில் மெத்தைக் கடைக் கூலியாள் நின்றார். முதுகை இரண்டு துணைத் தலைவர்கள் பிடித்தார்கள். இருவரும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டே பிடித்தார்கள்.

நாலு அடி நடந்தார்கள். தலைவரின் சட்டைப் பையில் போன் அடித்தது. தலைவர் எடுத்துப் பேசினார்.

விழும்போது அண்ணன் வாய் திறக்கவில்லை. குடும்பத்தின் மானத்துக்கு அது தேவைப்பட்டது. இடுப்பு எலும்பு மட்டும் லேசாகச் சத்தம் போட்டது. கீழே மெத்தைச் சுருள்கள் இருந்த பக்கமாக அவர் விழவில்லை. தரையாக இருந்த பக்கமாக விழுந்தார்.

குழு அங்கேயே கூடிப் பேசி முடிவை அறிவித்தது. அண்ணன் தரையிலிருந்து அதைக் கேட்டார். இன்று தம்பி இல்லாதபோதே இன்னொருவர் விழுந்திருக்கிறார். விழுந்தவர் தம்பியின் அண்ணன். ஆகவே நழுவுவது, விழுவது இரண்டுமே இந்தக் குடும்பத்தின் வாகு என்று ஐயமற நிரூபணமாகிறது.

"கூலியாள் பாவம், புதுசு" என்று தலைவர் போனை மூடிக்கொண்டே சொன்னார். "யாரும் அவனைத் திட்டாதீங்க."

*

அண்ணன் கட்டிலில் கிடந்த நாட்களில்தான் அந்த மாற்றம் வந்தது.

கிளப் இன்னொரு வெளிநாட்டு ஆட்டக்காரரை வாங்கப் பேசிக்கொண்டிருந்தது. அவருடைய ஆட்கள் கிளப்புக்குப் போன் செய்து, ஒரே ஒரு கேள்வி கேட்டார்களாம்: அங்கே புதிதாக வருகிற ஆட்டக்காரர்களைத் தூக்கிக் கீழே போடுகிற பழக்கம் உண்டா? கிளப் நிர்வாகம் பதறிப்போய், அப்படி ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டது. சொன்ன பிறகு, இல்லாமல் செய்யும் பொறுப்பைச் சங்கத்திடம் கொடுத்தது.

ஒரு காலையில் தலைவரும் செயலாளரும் கடைக்கே வந்தார்கள். தம்பி பின்பக்கம் வெட்டிக்கொண்டிருந்தார். கட்டர் கண்ணாடியில் இழையும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அண்ணன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். உட்காரச் சொல்லவில்லை.

"அண்ணே, நீங்க ஜெயிச்சுட்டீங்க" என்றார் தலைவர். "உங்க தம்பி கீழே போடல."

நாற்காலியைப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டு அண்ணன் நிமிர்ந்தார். "அதைத்தான் நான் இத்தனை வருஷமா சொல்றேன்."

"யாருமே கீழே போடல" என்றார் செயலாளர். "ஏன்னா யாருமே தூக்கல."

"என்ன?"

"பீரங்கி நடந்துதான் போனாரு. அவரு வரும்போதே முட்டி அப்படித்தான். கல்லு கிடையாது, கூட்டம் கிடையாது, பேச்சும் கிடையாது. உங்க தம்பி பேர்ல ஒரு சின்னக் கறைகூட இல்ல. பொதுக்குழுவுல ஒரு கை தூக்கணும், அவ்வளவுதான். எல்லாரும் தூக்கணும். ஒருத்தர் தூக்கலைன்னாலும், அன்னைக்கு ஏதோ நடந்திருக்கும்போலன்னு ஆயிடும்."

"அந்தப் படம்?"

"பீரங்கி சந்தோஷத்துல எம்பிக் குதிக்கிறாரு" என்றார் தலைவர். "கீழே நாலு பேரு தற்செயலா நடந்து போயிட்டிருக்கோம். கீழே எழுதியிருக்கிறதை மாத்தியாச்சு."

அண்ணன் யோசித்தார். இது உண்மையல்ல. ஆனால் பொய் ஒன்று வந்து இன்னொரு பொய்யைத் தூக்கிக்கொண்டு போகிறது. கடைப் பலகையில் அப்பாவின் பெயர் இருக்கிறது. தம்பிக்கு ஒரு மகள் இருக்கிறாள்; நாளைக்கு அவளை ஒரு வீட்டுக்கு அனுப்பும்போது, கீழே போட்டவன் மகள் என்று எவனும் சொல்லக் கூடாது. பொதுக்குழுவுக்கு இடுப்பைப் பிடித்துக்கொண்டு போனார். செயலாளர் தீர்மானத்தைப் படித்ததும், கிடங்கு முழுவதும் கைகள் உயர்ந்தன. அண்ணனின் கையும் உயர்ந்தது. மற்றவர்கள் கையைவிட நேராக உயர்ந்தது.

கூட்டம் முடிந்து இறங்கும்போது துணைத் தலைவர் ஒருவர் இன்னொருவரிடம் சொல்லிக்கொண்டு போனார்: "யாரும் தூக்கலைன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்."

*

கடைக்கு வந்து தம்பியின் எதிரே நின்று அண்ணன் சொன்னார். கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

"முடிஞ்சுதுடா. இனிமே எவனும் ஒரு வார்த்தை பேச முடியாது. நீ கீழே போடலைன்னு தீர்மானம் போட்டாச்சு."

தம்பி கட்டரைக் கீழே வைத்தார். முகம் மலர்ந்தது. "எப்படிண்ணே? தலைவர் ஒத்துக்கிட்டாரா, அவர்தான் கையை எடுத்தாருன்னு?"

"அதில்ல. யாரும் தூக்கவே இல்லைன்னு முடிவு."

தம்பி புரியாமல் பார்த்தார். அண்ணன் விவரமாகச் சொன்னார். எம்பிக் குதித்தது, தற்செயலாக நடந்து போனது எல்லாம். சொல்லச் சொல்லத் தம்பியின் முகத்தில் இருந்த மலர்ச்சி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"அப்ப நான் அவரைத் தூக்கலையாண்ணே?"

"ஊருக்குத்தான்டா அப்படி. நமக்குத் தெரியாதா?"

தம்பி தன் கைகளைப் பார்த்தார். பிறகு, இத்தனை வருஷத்தில் சொல்லாத ஒன்றைச் சொன்னார். "தூக்கினதும் அவரு பயந்துட்டாரு. விழாம இருக்க என் தலையைப் பிடிச்சுக்கிட்டாரு. அப்புறம் குனிஞ்சு என்னமோ சொன்னாரு, அவங்க பாஷையில. எனக்குப் புரியல. நான் சிரிச்சேன். அவரும் சிரிச்சாரு. எவ்வளவு கனம் தெரியுமாண்ணே? நம்ம பெரிய ஷீட்டெல்லாம் ஒண்ணுமே இல்ல. கீழே போட்டவன்னு எல்லாரும் சொல்லும்போது கஷ்டமாத்தான் இருக்கும். ஆனா போட்டவன்னா, தூக்கினவன்தானே. யாரு திட்டினாலும் அது உள்ள இருந்துச்சு."

அதற்குப் பிறகு தம்பி அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அண்ணனுக்கோ, எடுத்திருந்தால் தேவலை என்று ஆகிவிட்டது. வாசலில் வருகிறவர்கள் இப்போது கேலி செய்வதில்லை. மரியாதையாக அளவு சொல்லி, மரியாதையாகப் போனார்கள். யாராவது பழக்கத்தில் 'முட்டி' என்று ஆரம்பித்தாலும் பக்கத்தில் இருப்பவர் தட்டி நிறுத்தினார். தம்பி ஒவ்வொரு தடவையும் நிமிர்ந்து பார்த்துவிட்டு, ஒன்றும் வராததால் மறுபடி குனிந்துகொண்டார். ஒருநாள் அவர் வெட்டிய கண்ணாடி அளவு தப்பியது. அந்தக் கடையில் அப்படி நடந்ததில்லை. மறுநாளும் தப்பியது.

அண்ணி சாப்பாடு எடுத்து வந்தபோது பார்த்துவிட்டுச் சொன்னார்: "உங்க தம்பி இப்படி உட்கார்ந்திருக்கிறதுக்கு, அந்தக் கல்லே நின்னிருக்கலாம்."

*

தம்பியிடம் சொல்லிவிட்டு அண்ணன் மெத்தைக் கடைக்குப் போனார். அவர் யாரிடமும் போய்க் கேட்டு நின்றவர் அல்ல. தலைவர் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். பின்னால் செயலாளர் ஒரு மெத்தையின் மேல் உட்கார்ந்து, புது ஆட்டக்காரரை எவ்வளவு தூரத்தில் நின்று வரவேற்பது என்று திட்டம் போட்டுக்கொண்டிருந்தார்.

"தலைவரே, அந்தத் தீர்மானத்தை மாத்தணும்."

"எதை?"

"தூக்கினோம்னு எழுதுங்க." அண்ணன் மூச்சு வாங்கினார். அடுத்ததைச் சொல்ல அவர் முதுகை ஒருமுறை நிமிர்த்திக்கொள்ள வேண்டியிருந்தது. "என் தம்பிதான் கீழே போட்டான்னு எழுதுங்க. கல்லுலயும் எழுதுங்க. நான் ஆட்சேபம் சொல்ல மாட்டேன்."

தலைவர் எழுந்தே விட்டார். கண்கள் கலங்கியிருந்தன, உண்மையாகவே கலங்கியிருந்தன. "அண்ணே, என்ன வார்த்தை பேசுறீங்க? உங்க குடும்பம் எப்பேர்ப்பட்ட குடும்பம். கை நழுவாத குடும்பம். அந்தக் குடும்பத்து மேல இப்படி ஒரு அபாண்டமான பழியைப் போட எனக்கு மனசு வருமா? நான் இருக்கிற வரைக்கும் எவனையும் போட விடமாட்டேன்."

"நாங்களே கேட்கிறோம், தலைவரே."

"நீங்களே கேட்டாலும் விடமாட்டேன்."

செயலாளர் மெத்தையிலிருந்தே சேர்ந்துகொண்டார். "அதோட, ஆதாரம் என்ன இருக்கு? உங்க தம்பி அன்னைக்கு மைதானத்துக்கு வந்தாருன்னே யாருக்கும் ஞாபகம் இல்லையே. இன்னொண்ணு. போட்டது நான்தான்னு இதுக்குள்ள ரெண்டு பேரு தனித்தனியா வந்து சொல்லிட்டுப் போயிருக்காங்க. ரெண்டு துணைத் தலைவர்களும்தான். தூக்கவே இல்லைன்னு ஆனதும், போட்டது யாருங்கிறதுக்கு ஒரு மதிப்பு வந்துடுச்சு. எப்பவாவது மாத்தி எழுதினாலும் அவங்களுக்குள்ளதான் போட்டி. உங்க தம்பி வரிசையில இல்ல."

தலைவர் அண்ணனின் தோளில் கைவைத்து வாசல் வரை கொண்டுவந்து விட்டார். இடுப்பு வலிக்கு நல்ல மெத்தை ஒன்று வந்திருப்பதாகவும் சொன்னார்.

அண்ணன் மெதுவாக நடந்து கடைக்கு வந்தார். தம்பி வேலை செய்யாமல் உட்கார்ந்திருந்தார்.

"என்னண்ணே சொன்னாரு?"

"முடியாதுன்னுட்டாரு." அண்ணன் நாற்காலியில் உட்காராமல் தம்பியின் எதிரே வந்து நின்றார். "போகட்டும் விடு. அவனுங்க சொன்னா என்ன, சொல்லாட்டி என்ன? நீ தூக்கினே. வாசல் பக்கத்துல நின்னு நான் என் ரெண்டு கண்ணால பார்த்தேன். நான் சாட்சி. அது போதாதா உனக்கு?"

தம்பி அண்ணனை நிமிர்ந்து பார்த்தார். எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாதவர். கண்ணாடிக்கு அளவு கேட்பதுபோலத்தான், பணிவாக, கேட்டார்.

"யாரும் தூக்கலைன்னு நீயும்தானேண்ணே கை தூக்கிட்டு வந்தே?"